போர்ட் கிடைக்கவில்லை

எங்கள் தொழிலில் பாதி வியாதி ஒயரில்தான் இருக்கும். ஆனால் எல்லாரும் முதலில் கழற்றிப் போடுவது கம்ப்யூட்டரைத்தான். திரையில் 'போர்ட் கிடைக்கவில்லை' என்று வந்ததும் ஒரே ஒயரைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிச் செருகியவர் என்றால், நீங்களும் நம்ம ஆள்தான். எனக்குக் குன்னூரில் ஒரு சின்ன ரிப்பேர் கடை. சோப்பு டப்பா அளவுக் குட்டிக் கம்ப்யூட்டர்கள் இப்போது தேயிலை ஃபேக்டரி முதல் அணைக்கட்டு வரை வந்துவிட்டன. இந்த ஊர் ஈரத்தில் அவற்றில் ஒயர் செருகும் போர்ட்டெல்லாம் பச்சைக் களிம்பு பூக்கும். துடைத்துக் கொடுப்பது என் பிழைப்பு.

புதுத் தராசு

கோத்தகிரி பக்கம் ஒரு ஃபேக்டரி. பச்சை இலை நிறுக்கும் தராசிலிருந்து சீரியல் ஒயர் வழியாக எடை கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். போனதெல்லாம் கேள்விக்குறியும் கட்டங்களும்தான். வெளியே இலை லாரி நிற்கிறது. மூட்டைக்குள் இலை சூடேறிக்கொண்டிருக்கிறது. கிளார்க் நடராஜ் ஒயரைக் கழுவாத குறையாகத் துடைத்து வைத்திருந்தார். ஒயரில் ஒரு குறையும் இல்லை. புதிதாக வாங்கிய தராசு மெதுவாக அனுப்பும் ரகம். கம்ப்யூட்டரோ பழைய தராசின் வேகத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்ததும் எண்கள் ஒழுங்காக விழுந்தன.

என்ன செய்தேன் என்று கேட்டார், சொன்னேன். டீயைக் குடித்து முடித்தார். அவர் மனைவி கோபித்துக்கொண்டு அன்னூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. ஃபேக்டரியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. போனை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பியவர் வாசலில் நின்று சொன்னார்:

"நானும் எடுத்த எடுப்புல மளமளன்னு கத்திப்போடறனுங்க. இன்னிக்கு மெதுவாப் பேசிப் பாக்கறேன்."

கல்யாண வீடியோ

அருவங்காட்டில் ஒரு ரிட்டயர்டு தொழிலாளி. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கைஜாடைதான் அவர் பாஷை. கல்யாணமாகிப் புனேவுக்குப் போன ஒரே மகளோடு டிவியில் மாட்டிய குட்டிக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேசுவார். போனில் பேசலாமே என்று கேட்டேன். ஒரு கை போனைப் பிடித்தால் பேச ஒரு கைதானே மிச்சம் என்றார் அவர் மனைவி.

கேமரா ஒரு வாரமாக வேலை செய்யவில்லை. படம் வந்த வேகத்தில் அணைந்துவிடும். கேமராவை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், பலனில்லை. பிறகுதான் டிவிக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். இன்னொரு யூஎஸ்பி போர்ட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் தொங்கியது. மகளின் கல்யாண வீடியோ அதில் இருந்தது. பகலெல்லாம் அதைப் பார்க்கிறார், அப்படியே செருகி விட்டுவிடுகிறார். கேமராவுக்குப் போக வேண்டிய கரண்டை அது இழுத்துக்கொள்கிறது. கழற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தனிக் கரண்டில் ஓடும், பல ஒயர் செருகக்கூடிய ஹப் ஒன்றை மாட்டினேன்.

மகள் திரையில் வந்தாள். அவர் கைகள் படபடவென்று ஓடின, பிறகு நின்றன. கடைசியாக இரண்டே இரண்டு ஜாடை, ரொம்ப மெதுவாக. என்ன சொல்கிறார் என்று அவர் மனைவியைப் பார்த்தேன்.

"மெலிஞ்சு போய்ட்டியே, நேரத்துக்குச் சாப்பிடறயான்னு கேக்கறாருங்க."

லீவு

அவலாஞ்சிக் காட்டுக்குள் மழை அளக்கும் கருவி ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ளும் பாபு கூடலூர்க்காரர். கருவியிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கணக்கு வருவது நின்றுபோனதால், கையால் அளந்து சொல்ல ஆள் வேண்டும் என்று அவர் லீவை நிறுத்திவிட்டார்கள். ஊரில் அவருக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. அங்கே போன் சிக்னல் கிடையாது; சேதி போவதும் வருவதும் ஆபீஸ் வயர்லெஸ்ஸில்தான். போட்டோகூட அவர் பார்க்கவில்லை.

சீரியல் போர்ட்டில் அனுப்பும் ஊசியையும் வாங்கும் ஊசியையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு எழுத்தைத் தட்டினால், அதே எழுத்து திரும்பி வர வேண்டும். வந்தது. ஆக, போர்ட் நன்றாக இருக்கிறது, பழுது ஒயரில். மழையில் இரண்டு பேரும் ஒரு தகரத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி ஒயரைத் தடவிக்கொண்டே போனோம். பாறை இடுக்கில் எலி கடித்து வைத்திருந்தது. அவரே துணியால் கம்பியைத் துடைத்துக் கொடுக்க, நான் ஒட்டுப்போட்டேன். திரையில் எண் வந்தது. பாபு உடனே பையை எடுத்தார். பை முன்பே கட்டித் தயாராக இருந்தது. ஜீப்பில் வரும்போது குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டேன்.

"வீட்ல கேட்டுட்டே இருக்காங்கண்ணே. குட்டியோட மொகத்தப் பாக்காம என்ன பேர் வெக்கறது?"

எங்கள் வீடு

என் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். அவள் பேசுவது எனக்குக் கேட்கிறது. என் மைக் அவளுக்குக் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் போர்ட் பார்ப்பவன் வீட்டு மைக் இப்படி. மேஜைக்கடியில் குனிந்து ஒவ்வொரு போர்ட்டாக மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். அவளுக்கு டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மேஜைமேல் திரையிலிருந்து அவள் குரல் வந்தது:

"ஏனுங்க, சத்தம் வராட்டிப் போகுது. உச்சந்தலை நரைச்சதுதான் தெரியுது, கொஞ்சம் நிமிந்து ஒக்காருங்க."

எந்த ஒயருக்கும் எந்த போர்ட்டுக்கும் பொருந்துகிற அடாப்டர் என் கடையில் உண்டு, மஸ்கட்டைக் குன்னூர்ப் பக்கத்தில் கொண்டுவந்து மாட்டுகிற ஒன்றைத் தவிர.