கிடங்குக்கு அடியில் போன குழாய்

இதை யாரும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஒல்லாந்தக்காரர்கள் பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த காலத்தில், கோட்டைக்குப்பத்து அங்கமுத்துவுக்கு நேர்ந்தது. இருட்டில்கூட இல்லை. பட்டப்பகலில், நிழல் காலடியில் ஒடுங்கிக் கிடக்கிற உச்சி வெயிலில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அங்கமுத்து படகுகளுக்குத் தார் பூசுகிறவன். எந்தப் பலகையில் தண்ணீர் கசிகிறது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவான். பஞ்ச வருஷத்தில் அவனுடைய அக்கா தேவகி, ஊரில் பலரையும் வாங்கின ஒரு வியாபாரியிடம், கடைசி ஆளாகத் தன்னையே விற்றுக்கொண்டாள். கிடைத்த அரிசியைத் தம்பியின் குடிசை வாசலில் வைத்தாள். அவன் கண் விழிப்பதற்குள் போய்விட்டாள். கப்பலேற்றிக் கடல் கடந்து பத்தாவியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊரில் சொன்னார்கள். அங்கமுத்து அந்த அரிசியைப் பொங்கித் தின்று பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனுக்கு எதுவுமே உறைக்கவில்லை. வெயில், பசி, யாராவது வைதால் அதுவும்... ஒன்றும் உறைக்கவில்லை.

பஞ்சம் தீர்ந்து மழை பெய்த பிறகு ஒரு நாள் உமர் மரைக்காயர் ஆள் விட்டார். கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற பொறுப்பு அவருடையது. மேட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு. அதில் ஒரு மரப் பம்பு. அது தண்ணீரை இழுத்துத் தொட்டியில் கொட்டும். தொட்டியிலிருந்து குடைந்த பனைமரக் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கித் துறையில் இருக்கும் பீப்பாய்களுக்குப் போகும்.

"தண்ணியே வரல அங்கமுத்து. காத்து மாறுறதுக்குள்ள கப்பல் கிளம்பணும். தண்ணி இல்லாம கடல்ல போனா அவ்ளோ பேரும் செத்துடுவாங்க."

"பாக்கிறேன் மரைக்காயரே."

பம்பின் கைப்பிடி லேசாக ஆடியது. உள்ளே காற்று இழுக்கிறது என்று அங்கமுத்துவுக்குப் புரிந்தது. கழற்றிப் பார்த்தான். தண்ணீரை இழுக்கிற தோல் காய்ந்து சுருங்கியிருந்தது. புதுத் தோலை எண்ணெயில் ஊறவைத்து மாட்டினான். தண்ணீர் வந்தது, ஆனால் கையை நிறுத்தினதும் கிணற்றுக்கே திரும்பி இறங்கியது. அடியில் இருக்கிற தோல் மூடியில் மணல் சிக்கியிருந்தது. வழித்து எடுத்தான். ஒரு மூட்டு விட்டிருந்தது. சணல் சுற்றித் தார் வைத்தான். தொட்டி நிரம்பித் ததும்பியது.

துறையில் பாதித் தண்ணீர்தான் விழுந்தது.

"வழியில எங்கியோ ஒழுகுது," என்றார் உமர்.

அங்கமுத்து குழாயோடு நடந்தான். குழாய் ஒழுகினால் மணல் நனைந்திருக்க வேண்டும், புல்லாவது முளைத்திருக்க வேண்டும். மேட்டிலிருந்து துறை வரைக்கும் மணல் பொரிந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஒவ்வொரு மூட்டிலும் காதை வைத்துக் கேட்டான். சளசள... சளசள... தண்ணீர் முழுசாக ஓடியது.

பாதி வழியில் ஒரு பழைய கிடங்கு. குழாய் அதன் அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரும். அந்தப் பக்கம் போய்க் கேட்டான். சத்தம் மெலிந்துவிட்டது. அப்படியானால் கோளாறு கிடங்குக்குக் கீழேதான்.

அக்காவை வாங்கின வியாபாரியின் கிடங்கு அது. அவன் பஞ்சத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தான். கதவு இருந்த இடத்தைச் செங்கல் வைத்துப் பூசியிருந்தான்.

அங்கமுத்து சுவரடியில் மண்ணைத் தோண்டினான். குழாய் தெரிந்தது. குப்புறப் படுத்துக் காதை வைத்தான்.

மடக்... மடக்... மடக்...

யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம்.

குழாயில் காற்று மாட்டினாலும் இப்படிக் கேட்கும். அவன் எழுந்து, தொட்டியின் வாயை அடைக்கச் சொல்லிக் கத்தினான். அடைத்தார்கள். துறையில் கடைசிச் சொட்டும் விழுந்து நின்றுவிட்டது என்று ஆள் வந்து சொன்னான்.

மறுபடியும் காதை வைத்தான்.

மடக்... மடக்...

தண்ணீர் இல்லாத குழாயில்.

பிறகு அதுவும் நின்றது. ஸ்ஸ்ஸ்... என்று உறிஞ்சுகிற சத்தம். காலி மரத்தை நாக்கால் துழாவுகிற மாதிரி.

மரத்தில் ஒரு கீறல் இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தான்.

இழுத்தது.

பம்பு ஓடவில்லை. தண்ணீர் இல்லை. ஆனாலும் இழுத்தது. கை ஜில்லென்று மரத்துப்போனது.

"யாரு?"

சத்தம் நின்றது.

"இன்னும்..."

ஒரு குரல் இல்லை. பல குரல்.

"இன்னும்..."

அங்கமுத்து ஓடவில்லை. ஓடணும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. மரம் குடைகிற தமரூசியை எடுத்துச் சுவருக்குக் கீழே சாய்த்துப் பிடித்தான். கிடங்குக்குள் தண்ணீர் போகிற மாதிரி குழாயில் ஒரு துளை போட்டான். மண்ணைத் தள்ளி மூடினான். தொட்டியைத் திறக்கச் சொன்னான்.

துறையில் முழுத் தண்ணீர் கொட்டியது.

"இன்னா பண்ணே?" என்று உமர் ஓடி வந்தார்.

"ஓட்டை போட்டேன்."

"அடைச்சேன்னு சொல்லு."

"இல்ல மரைக்காயரே. போட்டேன்."

உமர் அவன் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்ப் பீப்பாய்களை ஏற்றச் சொன்னார். கப்பல் கிளம்பிப் போனது.

அங்கமுத்துவின் வலது உள்ளங்கைக்கு அன்றிலிருந்து உணர்ச்சியே இல்லை. சூடான தார் சிந்தினாலும் தெரியாது.

மறு கோடையில் அந்தக் கிடங்கை வேறொருவர் வாங்கினார். செங்கல்லை இடித்ததும் வேலையாட்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். உமரும் அங்கமுத்துவும் உள்ளே போனார்கள்.

சுவரோரம் வரிசையாக எலும்புக்கூடுகள். உட்கார்ந்தபடியே. காலில் சங்கிலி.

உமர் குனிந்து ஒரு சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பஞ்ச வருஷம் அந்த வியாபாரிக்குக் கப்பலே வரல அங்கமுத்து. தொறயில எனக்குத் தெரியாம எந்தக் கப்பல் வரும்? வாங்கினவங்களை வேற வழியில கொண்டுபோயிட்டான்னு நெனச்சேன்."

அங்கமுத்து தலையாட்டினான். அழ வரவில்லை. குனிந்து தரையைத் தொட்டான். இத்தனை மாதமாகத் தண்ணீர் பாய்ந்த தரை... மாவு மாதிரி காய்ந்து கிடந்தது.

ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கொட்டாங்குச்சி இருந்தது. எல்லாவற்றிலும் விளிம்பு வரைக்கும் தெளிந்த தண்ணீர்.

கடைசியில் இருந்த ஒன்று மட்டும் காலி.

அதன் விளிம்பு ஈரமாக இருந்தது.