வெறும் தண்ணிக்கு நாலு கிராம்

போன வாரம் போளூர்ல என் மகளுக்கு ரத்தம் பாக்கப் போயிருந்தோம். எட்டாம் மாசம் அவளுக்கு. லேப் பொண்ணு விரல்ல குத்தி, ஒரு சொட்டை மெஷின்ல வெச்சா. மூச்சு விடுறதுக்குள்ள ரத்த அளவு பதினொண்ணு புள்ளி ரெண்டுன்னு வந்துடுச்சு. “இன்னைக்கு இவ எத்தனாவது ஆளும்மா?”ன்னு கேட்டேன். “கடைசி சார், ஏன்?” மகள் விரலை மறுபடி நீட்ட வெச்சேன். “இன்னொரு தரம் பாத்துடேன்”னேன். மகள் தலையில அடிச்சுக்கிட்டா.

குத்துறதுக்கு முன்னாடி விரல்ல தடவுற அந்த ஸ்பிரிட் வாசனைதான் காரணம். மூக்குல ஏறினா நேரா ஜமுனாமரத்தூர் போய்டுவேன். அப்ப எனக்கு ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர் வேலை. வயசு இருபத்துநாலு, எல்லாம் தெரியும்னு நெனப்பு.

மலைமேல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. லேப்ல எஸ்தர் சிஸ்டர், ஆலங்காயத்துக்காரங்க. ரத்தம் கலந்த கண்ணாடிக் குழாய் வழியா வெளிச்சத்தை விட்டு அளக்கிற மெஷின் அவங்களுது. ரத்தம் கூடக் கூட வெளிச்சம் பாதி, பாதியில பாதின்னு குறையும். அதை அப்படியே அளவு காட்டுற முள்ளுக்குக் கொடுத்தா ஒரு பக்கம் நெரிசலாவும் ஒரு பக்கம் காலியாவும் இருக்கும். நடுவுல லாக் ஆம்ப்ளிஃபயர்னு ஒரு சர்க்யூட் உண்டு. பெருக்கலைக் கூட்டலா மாத்துறதுதான் அதோட வேலை. கரன்ட் பத்து மடங்கானாலும் நூறு மடங்கானாலும், அதுல இருக்கிற ட்ரான்சிஸ்டர்ல வோல்டேஜ் ஒரு படி, ரெண்டு படின்னு நிதானமாத்தான் ஏறும். செல்போன்ல சிக்னல் கட்டை காட்டறதுக்கும் ரேடாருக்கும் இதே வித்தைதான்.

ஆனா அந்த ட்ரான்சிஸ்டர் சூடு தாங்காத ஜாதி. அதனால ஒரே டப்பாவுல ரெட்டையா வெச்சிருப்பான். ரெண்டுக்கும் ஒரே சூடு, ஒண்ணோட தப்பை இன்னொண்ணு கழிச்சிடும். அந்த ரெட்டை செத்துப்போச்சு, எங்கயும் கிடைக்கல. நான் இன்னா பண்ணேன்? போளூர் ரேடியோ கடையில ரெண்டு தனித்தனியா வாங்கி வெச்சேன். ஒண்ணு, ஓட ஓட சூடாவுற ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல உக்காந்துடுச்சு.

மறுநாள் சந்தை, கர்ப்பிணிங்க வர்ற நாள். மார்கழிக் குளிர். சிஸ்டர் வழக்கம்போல காலையில ஒரே தடவை வெறும் தண்ணி வெச்சு முள்ளை ஜீரோவுக்குக் கொண்டாந்தாங்க. பழைய ரெட்டை இருந்தவரை அதுவே நாள் பூரா போதும். மத்தியானம் டீயும் கையுமா, என் சாமர்த்தியத்தை ரசிக்கலாம்னு ரிஜிஸ்டரைப் பொரட்டினேன். ஏழு, ஏழரை, ஏழேகால், எட்டரை, ஒம்போது... கடைசி டோக்கன் பதினாலு, மல்லிகா, பத்தரை. டோக்கன் ஏற ஏற ரத்தமும் ஏறுது!

“சிஸ்டர், தண்ணி வைங்க.” வெச்சாங்க. முள்ளு நாலுல நின்னுது. வெறும் தண்ணிக்கு நாலு கிராம் ரத்தம்!

“அடப்பாவி, அந்த மல்லிகாவுக்கு இந்த வாரம் பிரசவம்டா. வூட்லயே பாத்துக்கலாம்னு அனுப்பிட்டேனே!”

செருப்பு கூடப் போடாம பஸ் நிக்கிற இடத்துக்கு ஓடினேன். அவ ஊர்தான் எல்லாத்துலயும் தூரம், அதனாலதான் கடைசி டோக்கன். பஸ் கிளம்பி நகர ஆரம்பிச்சிடுச்சு. பக்கத்துல தட்டிக்கிட்டே ஓடி நிறுத்தி ஏறினேன். மூணாவது சீட்டுல வெளுத்த முகமா இருந்தா.

“நல்லா கீதுன்னாங்களே, இன்னாத்துக்குண்ணா மறுபடி?”

“தப்பு என்னுதும்மா. எறங்கு, கால்ல வேணா வுழறேன்.”

எறங்கினா. முள்ளை ஜீரோவுக்குக் கொண்டாந்து மறுபடி பாத்தா ஆறரை; ஏழுக்குக் கீழன்னா பிரசவத்துல உயிருக்கே ஆபத்து. ஜீப்புல கீழ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏத்தி, நாலாம் நாள் பொண்ணு பொறந்தது. அந்த நாலு நாளும் எனக்குச் சோறு எறங்கல.

இப்ப அந்த முள்ளும் இல்ல, தெறந்து பாக்க மூடியும் இல்ல. மெஷின் தானே ஜீரோ பண்ணிக்குதாம். மகளுக்கு ரெண்டாம் தரமும் பதினொண்ணு புள்ளி ரெண்டுதான். ஆனா என்னைக் காட்டிக்கொடுத்தது மெஷின் இல்லீங்க, பதினாலு பேரும் ஒருத்தர் கீழ ஒருத்தரா இருந்த அந்த ரிஜிஸ்டரோட ஒத்தப் பக்கம். என் மகள் கையில இருக்கிறது ஒரு சீட்டு. ஒப்பிட்டுப் பாக்க அவ பேருக்கு மேல யாருமே இல்ல.