நாற்பத்து மூன்று வயதுக்காரருக்கு இங்கே இடமில்லை

மெர்வின் ஹாக்ஸ்ட்ராவுக்கு அறுபத்தாறு வயது நடந்துகொண்டிருந்தபோது, வயது போதவில்லை, வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது சேஜ் ஹாலோ குடியிருப்பு. ஐம்பத்தைந்து நிரம்பியவர்களுக்குத்தான் அங்கே வீடு. காரை விற்றுவிட்டு கோல்ஃப் வண்டியில் கடைக்குப் போகிறவர்கள், மாலை ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடிக்கிறவர்கள். மெர்வினும் அவர் மனைவி ஜோலீனும் அங்கே குடிவந்தபோது மெர்வினுக்கு அறுபது. லாஸ் ஏஞ்சலஸின் உயரமான கட்டடங்களில் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். எந்தக் கம்பி எப்போது அறும் என்று யோசித்தே வாழ்நாளைக் கழித்த மனிதர்.

அவருடைய அப்பா அறுபத்திரண்டு வயதில் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்து இறந்துபோனார். அண்ணன் டேல் அதே வயதில், சூப்பர் மார்க்கெட் வாசலில் அடுப்புக்கரி மூட்டையை வண்டியில் ஏற்றும்போது போய்ச் சேர்ந்தார். மெர்வின் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அறுபத்தொன்று பிறந்ததும் கடற்கரைப் பக்கம் ஆயுளை நீட்டித் தரும் ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்து அங்கே பெயரைப் பதிந்துகொண்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் சமையலறை மருந்துக்கடை ஆகிவிட்டது. காலையில் ஒரு சூப் கிண்ணம் நிறைய மாத்திரை. ஒவ்வொன்றாக எடுத்தால் நேரமாகிறது என்று கரண்டி போட்டு அள்ளித்தான் சாப்பிடுவார். சர்க்கரை நோய் கிடையாது, ஆனால் சர்க்கரை மாத்திரை உண்டு. அது வயிற்றைக் கலக்கும், அதனால் போகிற இடத்திலெல்லாம் முதலில் கழிவறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வார். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் மருந்து ஒன்று வாரம் ஒருமுறை. அதனால் வாயெல்லாம் புண். புண் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள், என்றார் மெர்வின், வாயைச் சரியாகத் திறக்க முடியாமல்.

மதியம் இரண்டு மணிக்கு அவருடைய நாளின் கடைசிச் சாப்பாடு முடிந்துவிடும்: வேகவைத்த ப்ரோக்கோலி, பயறு, கொஞ்சம் வால்நட். ஜோலீன் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, ரொட்டியில் வெண்ணெய் தடவி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்பாள். வெண்ணெய் வாசனை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஜன்னலையும் திறந்து வைப்பாள்.

ஐந்தாவது வருடம் கிளினிக்கில் ரத்தத்தைச் சோதித்து, உடம்பின் நிஜ வயது நாற்பத்து மூன்று என்று சொன்னார்கள். மெர்வின் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதார். பிறகு நேராகப் போய், பந்தயக் கார்களுக்கு ஒட்டுவதுபோல் தன் கோல்ஃப் வண்டியின் இரண்டு பக்கமும் '43' என்று பெரிதாக ஒட்டிக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவி ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டவர்களையெல்லாம் அழுத்தச் சொன்னார். ஃபிலிஸ் கௌடின் எண்பதாவது பிறந்தநாளில், கேக்கில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போதே, அவள் கையிலும் அதைக் கொடுத்தார்.

எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் நிஜமான கவலையில் சுருங்கியது. "ஃபிலிஸ், இது தொண்ணூத்தி நாலு வயசுக்காரங்க பிடி. டாக்டர பாத்தீங்களா?"

"எனக்கு எண்பதுதான் ஆகுது. லைசென்ஸ்ல போட்டிருக்கு."

"லைசென்ஸ்ல இருக்கறது காகித வயசுங்க. ரத்தம் சொல்றதுதான் நிஜ வயசு."

ஃபிலிஸ் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். அவள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. அதற்கு முன் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எடுத்தவள். அவள் காதில் விழுந்த வாக்கியம் எதுவும் வீணாய்ப் போனதில்லை.

மறு வாரம் நீச்சல் குளத்தங்கரையில் அவரை நிறுத்தினாள்.

"மிஸ்டர் ஹாக்ஸ்ட்ரா, உங்க மேல புகார் வந்திருக்கு."

"யாரு குடுத்தது?"

"நான்தான்."

விசாரணை சங்கத்தின் பொதுக்கூடத்தில் நடந்தது. கூட்டம் என்றால் வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவது சேஜ் ஹாலோ வழக்கம். ஆளாளுக்குத் தட்டில் உருளைக்கிழங்கு சாலடும் கோழி வறுவலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மெர்வின் மட்டும் வெறும் வயிற்றோடு முன்வரிசையில் இருந்தார்.

"ஐம்பத்தஞ்சுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு இங்க வீடு கிடையாது," என்று ஆரம்பித்தாள் ஃபிலிஸ். "தம்பி மெர்வினுக்கு நாப்பத்தி மூணு. அவரே வண்டியில எழுதி ஒட்டியிருக்காரு."

மெர்வின் ஓட்டுநர் உரிமத்தை நீட்டினார்.

"அது காகித வயசு தம்பி," என்றாள் ஃபிலிஸ். கோழி தின்றவர்களில் இரண்டு பேருக்குப் புரையேறியது.

சட்டப்படி இது எங்கும் நிற்காது என்பது கூடத்திலிருந்த எல்லோருக்கும் தெரியும். மெர்வினுக்கும் தெரியும். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். பக்கத்து வீட்டு ஹெக்டர் அர்மெண்டாரிஸ் குனிந்து அவர் காதில் அதைத்தான் சொன்னார்.

"யப்பா, அந்த டெஸ்ட் சும்மா ஒரு டுபாக்கூருன்னு சொல்லித் தொலையேன். சோலி முடிஞ்சுது. அப்பறம் வந்து கோழி தின்னு."

மெர்வின் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். டெஸ்ட் பொய் என்றால் அவருக்கு அறுபத்தாறு. அறுபத்தாறு என்றால் டேலைத் தாண்டி நான்கு வருடம், கம்பி எந்த நேரமும் அறலாம்.

"எனக்கு நாப்பத்தி மூணுதான்," என்றார். "வீடு பாத்துட்டுப் போயிடறேன்."

ஃபிலிஸே இதை எதிர்பார்க்கவில்லை.

ஜோலீன் தட்டைக் கீழே வைத்தாள். "நீ போ ராசா. எனக்கு அறுபத்தி நாலு, எனக்கு இங்க இடம் இருக்கு. தன்னவிட இருபது வயசு சின்னப் பையன இழுத்துட்டு வந்துட்டான்னு எங்க அக்கா என்னை என்ன நெனப்பா?"

"ஜோலீன், நான் என்ன..."

"உக்காரு. பெரியவங்க பேசிக்கிறோம்."

பெரியவர்கள் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தகுதியுள்ள குடியிருப்பாளரான ஜோலீனின் விருந்தாளியாக மெர்வின் இருந்துகொள்ளலாம். விருந்தாக வரும் பேரப்பிள்ளைகளுக்கு என்ன விதியோ அதுவே அவருக்கும். குளத்தில் பகல் பதினொன்று முதல் ஒரு மணி வரைதான். சீட்டாட்ட அறைக்குள் போகக் கூடாது. எங்கே போனாலும் பொறுப்பான பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

இரண்டு நாளில் அலுத்துப்போய் உண்மையை ஒத்துக்கொள்வார் என்று நினைத்தார்கள். மெர்வின் ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு, காற்றடைத்த வாத்துகளுக்கும் கீச்சிடும் பிள்ளைகளுக்கும் நடுவில் அந்த ஆறடி மனிதர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நீந்தினார். கரையில் ஜோலீன் காலை நனைத்துக்கொண்டு காவல் இருந்தாள். ஒரு தடவை அவர் ஓடிப்போய்க் குதித்தபோது காவலாள் விசில் ஊதி, "உங்க பையன கொஞ்சம் கண்டிச்சு வைங்க மேடம்" என்றான். ஜோலீன் சிரித்த சிரிப்பில் குளத்துக்குள்ளேயே விழுந்துவிட்டாள். இருவரும் ஒரே தண்ணீரில் இறங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

ஜோலீனுக்குத் தன் பதவியின் பலம் மெல்லப் புரிந்தது.

"இன்னிக்குக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னா சாயங்காலம் என்கூட உக்காந்து சாப்பிடணும்."

"ரெண்டு மணிக்கு மேல நான் சாப்பிடறதில்ல, தெரியாதா?"

"அப்ப வீட்லயே வெளையாடு."

மெர்வின் சாப்பிட்டார். முதல் நாள் ஒரு துண்டு ரொட்டி. பிறகு வெண்ணெய். பிறகு, ஹெக்டர் வீட்டு அடுப்புக்குப் பக்கத்திலும் பொறுப்பான பெரியவர் இருந்ததால், மாட்டு விலா. வயிறு ஓயாமல் புரட்டியதில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். வாய்ப்புண் சாப்பிட விடாததால் வாராந்திர மருந்தும் நின்றது. ஓரிரு மாதத்தில் கன்னம் கொஞ்சம் உப்பி, பார்க்க மனிதர் மாதிரி ஆனார்.

அடுத்த சோதனையின் முடிவை கிளினிக்கிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் சொன்னாள். துக்கச் செய்தி சொல்லும் குரல். ஐம்பத்தெட்டு. அரை வருடத்தில் பதினைந்து வயது கூடியிருக்கிறது, உடனே வந்தால் இன்னும் பலமான திட்டம் ஒன்று இருக்கிறது என்றாள். மெர்வின் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் ஜோலீன்.

"அம்பத்தெட்டாம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அப்போதுதான் அவர் முதல்முறையாக டேலைப் பற்றிப் பேசினார். அந்தக் கரி மூட்டை கிழிந்து வாசலெல்லாம் கொட்டிக் கிடந்ததையும், அதைத் தான் குனிந்து பொறுக்கியதையும் சொன்னார். யாரோ ஒருவர் காரைப் பின்னால் எடுக்க வேண்டும் என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாராம்.

"உனக்கு அறுபத்திரண்டு ஓடின வருஷம் பூரா," என்றாள் ஜோலீன், "நான் காலையில எந்திரிச்சதும் மொதல்ல உன் மூக்குகிட்ட கை வச்சுப் பாப்பேன்."

"சொல்லவே இல்லையே."

"நீ சொன்னியா?"

செய்தி ஹெக்டர் வழியாக சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுதும் பரவிவிட்டது. ஃபிலிஸ் அவசரக் கூட்டம் போட்டு, மெர்வின் ஹாக்ஸ்ட்ரா வரம்பை மூன்று வருடம் தாண்டிவிட்டார் என்று அறிவித்தாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு மனிதர் அரை வருடத்தில் பதினைந்து வயது மூத்துப்போனதற்கு அவ்வளவு ஆரவாரம் அந்தக் கூடத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

"வாங்க மிஸ்டர் ஹாக்ஸ்ட்ரா," என்று ஃபிலிஸ் கை நீட்டினாள். அவர் பிடித்தார். அவள் விடாமல் அழுத்தினாள், அவர் 'ஆ' என்று சொல்லும்வரை.

அந்தக் குளிர்காலத்தில் தெருக்கோடி வீட்டு வால்ட்டர் இறந்துபோனார். மெர்வின் சேஜ் ஹாலோவில் ஒரு சாவுக்கும் போனதில்லை. சாவு வீட்டு நாளில் எல்லாம் மாத்திரை அடுக்க வேலை இருக்கும். வால்ட்டருக்குப் போனார். பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பாடியபோது உதட்டை மட்டும் அசைத்தார். முடிந்ததும் ஹாம் சாண்ட்விச் கொடுத்தார்கள்.

வால்ட்டரின் மனைவி அவர் பக்கமாக வந்து நின்று, "தொண்ணூறு முடியறதுக்கு ரெண்டு வாரம்தான் இருந்துச்சு" என்றாள்.

எந்தக் கணக்குப்படி என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. சாண்ட்விச்சைப் பெரிதாக ஒரு கடி கடித்துக்கொண்டு, அவள் தோளில் கை வைத்தார்.