மார்லிஸ் எழுதிய ஒரு வரி

வடக்கு டகோட்டாவின் ஹார்லன் க்ரீக் ஊரில் பாதிரியாரைத் தெரியாதவர்கள்கூட இருக்கலாம். மார்லிஸ் எங்கெபிரெட்சனைத் தெரியாதவர்கள் இல்லை. வாஷிங்டனிலிருந்து பணம் வரவழைக்கிறவள் என்று பெயர். ஊர்க் கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய ஆசை வரும். அந்த ஆசையை மத்திய அரசிடம் மானியம் கேட்கும் விண்ணப்பமாக எழுதித் தருவது அவள் வேலை. முப்பத்தோரு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். நூறு பேர் கேட்டால் பத்துப் பேருக்குக் கிடைக்கிற பணம் அது.

விண்ணப்பம் இருபத்தைந்து பக்கம், அதற்கு மேல் ஒரு வரி கூடாது என்பது விதி. பேராசிரியர்கள் அறுபது பக்கத்தோடு வருவார்கள். மார்லிஸ் வெட்ட வெட்ட, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்களைப் போல நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "டாக்டர், மார்க் போடுற எவளோ ஒருத்தி இதைப் பன்னெண்டாவதா படிக்கப்போறா. பாவம், அவ மேல கொஞ்சம் இரக்கம் காட்டுங்க" என்பாள். வெட்டுப்பட்டவர்களே பிறகு ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட கேக்கோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவளே அந்த ஒருத்தியாகவும் ஒருமுறை ஆனாள். புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதால், விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவுக்கு அழைத்தார்கள். எதைப் படித்தேன், என்ன எழுதினேன் என்று சாகும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டு விண்ணப்பங்கள் வந்தன. அந்த வாரம்தான் கணவன் டுவேனுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை நடந்தது. அதைச் சாக்காகச் சொல்ல அவளுக்கு என்றுமே மனம் வந்ததில்லை.

பன்னிரண்டாவது விண்ணப்பம், கிழக்கு மொன்டானாவின் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து கொலீன் டாசெக் என்பவள் எழுதியது. பண்ணைப் பிள்ளைகள் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பள்ளி பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து வருகிறார்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் பயிற்சி பெற்ற ஒருவரை ஏற்றி, பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க வைத்தால் என்ன? ஆள் ஏறிய பஸ்ஸையும் ஏறாத பஸ்ஸையும் இரண்டு வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவ்வளவுதான் யோசனை. மார்லிஸ் பதினெட்டாம் பக்கம்வரை படித்தாள். கண் சொக்கியது. அங்கிருந்து கடைசிப் பக்கத்துக்குத் தாவி, மதிப்பெண் போட்டு, கீழே எழுதினாள்: "கேட்க அழகான யோசனை, ஆனால் ஓடும் பஸ் எப்படி ஆடும் என்று எழுதியவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை."

குழுவில் அதை வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த வழுக்கைத்தலைப் பேராசிரியர், "நறுக்குன்னு சொன்னீங்க" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. விண்ணப்பம் பட்டியலின் அடிக்குப் போயிற்று, பணம் கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மொன்டானாக் கல்லூரியில் அந்தத் துறையையே மூடிவிட, கொலீன் ஹார்லன் க்ரீக் கல்லூரிக்கு வேலைக்கு வந்தாள். வயது நாற்பத்து நான்கு. பதினெட்டு வருடம் பள்ளி ஆசிரியை. வந்த முதல் வாரமே பழைய விண்ணப்பத்தையும் மதிப்பீட்டாளர்கள் பெயர் போடாமல் எழுதியதையும் எடுத்துக்கொண்டு மார்லிஸின் அறைக்கு வந்தாள். பஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அது எந்த விண்ணப்பம் என்று மார்லிஸுக்குத் தெரிந்துவிட்டது.

"இதைப் படிங்க, மார்லிஸ். ஓடுற பஸ் எப்படி ஆடும்னு எனக்குத் தெரியாதாம்! எங்கப்பா இருபத்தெட்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டுனவர். நான் பொறந்ததே பஸ் சீட்டுலதான்னு எங்கண்ணன் கிண்டல் பண்ணுவான்." கொலீன் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மார்லிஸால் பார்க்க முடியவில்லை. தாளைப் புரட்டினாள். பத்தொன்பதாம் பக்கம். நான்கு பஸ்களில் ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்து பார்த்த சோதனை அங்கே இருந்தது. சரளைக்கல் சாலையில் ஆட்டம் எவ்வளவு, சத்தம் எவ்வளவு, எந்த இருக்கையில் உட்கார்ந்தால் பிள்ளைக்குக் குமட்டாது, எல்லாமே இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"இவ்வளவும் எழுதியிருக்கியே! இந்தப் பக்கத்தை அவங்க படிக்கவே இல்ல, கொலீன்."

"படிக்காமலா எழுதுவாங்க? பெரிய ஆளுங்க. படிச்சும் நம்பலைன்னா கோளாறு எங்கிட்டதான். நான் விண்ணப்பத்துலேருந்து பஸ்ஸையே எடுத்துடலாம்னு இருக்கேன். வகுப்பறையிலேயே தினம் நாப்பது நிமிஷம் வாசிக்க வைக்கலாம்."

"அதை ஆயிரம் பேர் பண்ணியாச்சு. பஸ்தான் உன்னோட சொத்து. அதை விட்டுடாதே."

"உங்களுக்கு எம்மேல பிரியம். அதான் இப்படிப் பேசுறீங்க."

அந்த இலையுதிர்காலம் முழுக்க மார்லிஸ் வேறு வேறு வழியில் சொல்லிப் பார்த்தாள். மதிப்பிடுகிறவர்களும் மனுஷர்கள்தான், தூங்கி வழிந்துகொண்டே படிப்பார்கள் என்றாள். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "அதை எழுதினவ ஒரு முட்டாள்!" என்றே கத்திவிட்டாள். கொலீனுக்குச் சங்கடமாகிவிட்டது. "சே, அப்படிச் சொல்லாதீங்க. அவங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க" என்று அந்த மதிப்பீட்டாளருக்காகப் பரிந்து பேசினாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? எதிரே உட்கார்ந்து பேசுகிற மார்லிஸைவிட, பெயர் இல்லாமல் எழுதிய மார்லிஸுக்குத்தான் கொலீனிடம் மதிப்பு அதிகமாக இருந்தது.

"உண்மையைச் சொல்லித் தொலையேன்" என்றான் டுவேன். யார், எவர் என்று சொல்லாமல் அவனிடம் மட்டும் கொஞ்சம் புலம்பியிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்ல."

"கையெழுத்தா உன்னைத் தடுக்குது?"

மார்லிஸ் அவனுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கை வைத்தாள்.

பஸ் இல்லாத விண்ணப்பத்தை அவளே உட்கார்ந்து செதுக்கினாள். அவள் வாழ்நாளில் எழுதியதிலேயே சுத்தமான விண்ணப்பம் அது. குற்றம் சொல்ல ஒரு இடம் கிடையாது, புதிதாகச் சொல்லவும் ஒன்றும் கிடையாது. ஜூன் மாதம் கடிதம் வந்தது. மானியம் கிடைத்துவிட்டது. நான்கு வருடத்துக்கு.

கொலீன் படியேறி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "கெடைச்சிருச்சு, மார்லிஸ்!" என்று கட்டிக்கொண்டாள். நல்ல பெண், நல்ல நாள், இதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மார்லிஸுக்கு இனிமேலும் தாங்கவில்லை.

"கொலீன், கதவைச் சாத்து. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்றேன். அந்த பஸ் வரியை எழுதினது நான்தான்."

கொலீன் அறைந்திருந்தால் மார்லிஸ் வாங்கிக்கொண்டிருப்பாள். அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

"நீங்களா?" கொலீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த ஆளை ஒரு தடவையாவது பார்த்துக் கையைக் குலுக்கணும்னு நெனச்சிருக்கேன், தெரியுமா? அந்த ஒரு வரி இல்லாட்டி நான் இன்னும் பஸ் பஸ்ஸுன்னு கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டிருப்பேன்."

"நான் உன் பத்தொன்பதாம் பக்கத்தைப் படிக்கவே இல்ல, கொலீன்! தூக்கத்துல தாண்டிட்டேன்."

"படிக்காமலேயே கண்டுபிடிச்சிருக்கீங்க பாருங்க! அதுக்குப் பேர்தான் அனுபவம்."

மறுபடியும் இறுகக் கட்டிக்கொண்டாள். இல்லை, நீதான் சரி, நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல மார்லிஸ் வாயைத் திறந்தாள். தோளில் சாய்ந்திருந்தவள் சந்தோஷத்தில் விம்மிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்த மார்லிஸ், கிடைத்த நன்றியை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி நின்றாள்.