நூலக வாசலில் அழுதவர்

தோஸ்புலாக் மலையூரில் பனிக்காலத்தில் நூலகம் திறப்பது என்றால் முதலில் அடுப்பு மூட்டுவது. மாவட்டத்திலிருந்து வரும் நிலக்கரி வருடப் பிறப்புக்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஜூராகான் தன் வீட்டுத் தொழுவத்து வறட்டியைச் சாக்கில் கட்டிப் பனியில் இழுத்துக்கொண்டு வருவாள். இருபது வருடங்களாக அவளுடைய வேலையில் முதல் பாதி இதுதான். புத்தகம் அப்புறம்.

வயது ஐம்பத்திரண்டு. நாரின் நகரத்தில் நூலகப் படிப்பு முடித்து, இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். பள்ளிக்கூடத்தில் வேலை தருகிறோம் என்றார்கள்; பிள்ளைகளின் இரைச்சல் தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். கணவன் வருடத்தில் பாதி மந்தையோடு மேய்ச்சலில் இருப்பான். அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை ஒன்பது மணிக்கு நூலகக் கதவு திறந்திருக்கும். யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போய் எத்தனை மாதமாகத் திருப்பவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் வைத்தே கேட்டுவிடுவாள் என்பதால் அவளைப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைக்கச் சிலர் யோசிப்பார்கள்.

அன்று அவளுக்கு ஒரு கவலை இருந்தது. மாவட்டத்து நூலகங்களைப் பார்த்துக்கொள்ள இலையுதிர் காலத்தில் புதிதாக வந்த மாதில்பெக் நேரில் வருவதாக முந்தின நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இரண்டு ஊர் நூலகங்களை ஒன்றாக்குகிறார்கள். எந்த ஊரில் ஆள் வரவில்லையோ அந்த ஊர்ப் புத்தகங்கள் வண்டியேறும்.

அதனால் முந்தின சாயங்காலமே அவள் வீடு வீடாகப் போய், நூலகத்தில் வந்து உட்காரச் சொல்லி ஆள் கூப்பிட்டு வந்தாள். ஆசிரியர்கள் வருகிறோம் என்றார்கள். ஓய்வூதியக்காரர்கள், தேநீர் உண்டா என்று கேட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர் கெரிம்பாய் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"படிக்கணுமா மருமகளே, இல்ல சும்மா கையில புடிச்சிருந்தா போதுமா?"

"தலைகீழா புடிக்காம இருந்தா போதும் மாமா."

விடியும் நேரத்தில் நூலகத்தின் பக்கத்து வீட்டு எசென்கூல் இறந்துபோனார்.

இனி யாரும் படிக்க வரப்போவதில்லை. ஆண்கள் பாதிப் பேர் கல்லறை மேட்டுக்குப் போய், உறைந்த மண்ணை இளக்கப் பழைய டயர்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். எசென்கூலின் வீடு நூலகத்துக்குப் பின்னால். வீட்டுக்கும் பின்னே, காற்று படாத இடத்தில், கம்பளிக் கூடாரம் எழுப்பி உடலை அதற்குள் கிடத்தியிருந்தார்கள். பெண்களின் ஒப்பாரி அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.

கெரிம்பாய் நூலக வாசலில் நின்று காலணியிலிருந்து பனியைத் தட்டினார். வெளியூரிலிருந்து வரும் துக்கக்காரர்களை எந்தெந்த வீட்டில் உட்காரவைத்துச் சோறு போடுவது என்று பிரித்துக்கொடுப்பது அவர் பொறுப்பு.

"மருமகளே, ஜும்கால் பக்கத்துச் சொந்தமெல்லாம் உங்கிட்டதான். அடுப்பு எரியுது, எடமும் இருக்கு."

"இன்னிக்கேவா மாமா? இன்னிக்கு அந்த ஆளு வராரு."

"சாகுற நாள எசென்கூல் பாத்து வைக்கலம்மா."

அவள் ஒத்துக்கொண்டாள். இழவுக்கு வந்தவர்களைப் பக்கத்து வீடு வெளியே நிறுத்தியது என்ற பேச்சு ஒரு முறை வந்தால் ஏழு தலைமுறைக்குப் போகும். அலமாரியை நகர்த்தக் கூடாது, கொதிக்கிற குழம்பை நடுவிலே தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். மேசைகளை ஓரமாகத் தள்ளி, தரையில் கம்பளம் விரித்தார்கள். அவளுடைய ஓரகத்தி சைரா விரிப்புத் துணிகளையும் ஒரு கூடை பொரித்த மாவுத் துண்டுகளையும் கொண்டுவந்து இறக்கினாள்.

"இருவது வருஷமா ஆள் வரல, ஆள் வரலன்னு அழுத. இப்ப பாரு, எடம் பத்தல," என்றாள் சைரா.

"வாய மூடிட்டு தட்ட வை."

"நல்ல தட்டா வைக்கறேன். மாவட்டத்து ஆளு வேற வராரு இல்ல, கடைசிச் சாப்பாடு."

பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஜும்கால்காரர்கள் வந்து தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். கறி வேகும் வரை அவர்களுக்கு வேலையில்லை. ஒருவர் கைக்கு எட்டிய தேனீ வளர்ப்புப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தில் இருந்தவர் கேட்காமலே வாசித்துக்காட்டினார். இன்னொருவர் தடியான ஒரு புத்தகத்தை மடியில் வைத்து அதன் மேல் தேநீர்க் கிண்ணத்தை வைத்தார். ஜூராகான் கிண்ணத்தைத் தூக்கினாள், புத்தகத்தை உருவினாள், ஒரு பலகையை வைத்தாள், கிண்ணத்தை அதன் மேல் வைத்தாள். அவர் நன்றி சொன்னார்.

எசென்கூலின் மகன்களும் மருமகன்களும் இடுப்பில் துணி கட்டி, கம்பை ஊன்றி வரிசையாக நிற்க வேண்டும், அதுதான் முறை. கூடாரத்தின் முன்னால் நின்றால் வருகிறவர்களைப் பார்க்க முடியவில்லை என்று சாலைப் பக்கம் வந்தார்கள். அங்கே காற்று வெட்டியது. நூலகச் சுவரோரம் மட்டும் கொஞ்சம் கதகதப்பு இருந்தது. அங்கேயே நின்றுவிட்டார்கள்.

மாதில்பெக்கின் வண்டி சாலையில் திரும்பியபோது அவர் கண்ட காட்சி இதுதான்: நூலகம், அதன் கதவுக்குப் பக்கத்தில் கம்பு ஊன்றிய ஆண்களின் வரிசை. கூடாரம் கண்ணில் படவில்லை. தொலைபேசியில் மட்டும் பேசிய நூலகக்காரி போய்ச்சேர்ந்துவிட்டாள் என்று அவர் முடிவு கட்டினார். நேற்றுத்தான் அவளிடம் நேரில் வருகிறேன் என்று சொன்னார். அவள் குரல் ஒரு மாதிரி ஆனதும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் இழவு வீட்டைக் கண்டதும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. தூரத்திலேயே குரல் எடுத்து அழுதுகொண்டு ஓட வேண்டும். அவரும் ஓடினார்.

"அக்கா! எங்கக்கா! போயிட்டியே ஜூராகான் அக்கா! இந்த ஊருக்கு விளக்கா இருந்தியே! உன்னாட்டம் புத்தகத்த யாரு காப்பாத்துவா!"

வரிசையில் நின்றவர்களுக்குப் பெயர் காதில் விழுந்தது. ஆனால் ஒருவர் அழுதுகொண்டு வரும்போது கூடச் சேர்ந்து அழுவதுதான் முறை. நடுவில் நிறுத்தித் திருத்துவதற்கு முறை கிடையாது. மூத்த மகன் ஒரு கணம் தடுமாறிவிட்டுத் தன் தகப்பனுக்காக அழுதான். மாதில்பெக் அக்காவுக்காக அழுதார். எல்லோரையும் தழுவிக்கொண்டு அதே குரலோடு நூலகக் கதவைத் தள்ளினார்.

"எங்கக்கா! உன் வாசலுக்கு நான் இப்படியா வரணும்!"

உள்ளே எல்லாக் கைகளும் நின்றன. ஜூராகான் கெட்டிலோடு நடுவில் நின்றிருந்தாள்.

"நான்தான் ஜூராகான்," என்றாள்.

மாதில்பெக் கெட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சைராதான் பேசினாள்.

"செத்தது இவ இல்ல தம்பி, பின்னாடி வீட்டு மாமா. இவள நீங்க இனிமேதான் கொல்லணும். அதுக்குள்ள அழுதுட்டா எப்படி?"

தேனீப் புத்தகக்காரர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இழவு வீட்டில் சிரிப்பது பெரிய குற்றம். ஆளாளுக்கு விரிப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

கெரிம்பாய் வந்து மாதில்பெக்கைக் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப்போனார். அவர் மறுபடியும் அழுதார், இந்த முறை சரியான ஆளுக்கு. குரல் பாதிதான் வந்தது. பிறகு கை கழுவவைத்து நூலகத்தில் முதல் இடத்தில் உட்காரவைத்தார்கள். கறி வந்தது. சுற்றியிருந்தவர்கள் அவரிடம் மரியாதையாக இருந்தார்கள். தட்டைத் தாண்டி ஒருவர், "அந்த விளக்குன்னு சொன்னீங்களே, அது நல்லாருந்துச்சு," என்றார். மாதில்பெக் மென்றுகொண்டே தலையசைத்தார். வந்த காரியத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. திறக்கவும் முடியாது, துக்கப் பந்தியில் அலுவல் பேசுவதில்லை.

ஜூராகானுக்குப் பொறுமை இல்லை. கட்டிலில் கிடக்கிற நோயாளியைப் போலக் காத்துக்கொண்டிருப்பது அவளுக்கு ஆகாது. பிரார்த்தனை முடிந்து எல்லோரும் கையால் முகத்தைத் தடவியதும், அவரை வண்டி வரை வழியனுப்பப் போனாள். சாலையைக் கடந்து நின்றாள்.

"இங்க இழவு இல்ல. சொல்ல வந்தத சொல்லுங்க."

அவர் தொப்பியைச் சரிசெய்தார். "வர மாசம் புத்தகத்த ஏத்த வண்டி வரணும். அதான் முடிவுக்கா."

"சரி."

"சரியா? என்ன சரி? நான் உங்களுக்கு அழுதுட்டேனே. ரெண்டு பள்ளத்தாக்கு ஆளுங்க கேட்டாங்க. இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஜும்கால் பூரா தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் நானே வந்து சாமான ஏத்துனா என்ன பேரு வைப்பாங்க எனக்கு?"

"நீங்க ஆள் தெரியாமதானே அழுதீங்க."

"அத யாரு கேப்பாங்க." அவர் நூலகத்தைத் திரும்பிப் பார்த்தார். "நான் பாத்தப்ப உள்ள உக்கார எடமில்ல, கையில புத்தகம் இருந்துச்சுன்னு சொல்றேன். அது பொய் இல்லியே. அதுக்கும் மேல வண்டி அனுப்பணும்னா வேற யாரையாவது அனுப்பட்டும். நான் வரமாட்டேன்."

வண்டி போனது. ஜூராகான் அது வளைவில் மறையும் வரை நிற்கவில்லை. குளிர் காதை அறுத்தது. நூலகத்துக்குள் அடுத்த பந்திக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தேனீப் புத்தகம் யாருடைய கோட்டுக்குள்ளோ போய்க்கொண்டிருந்தது. போகிற வழியிலேயே அதைப் பிடித்து, பெயரும் ஊரும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சொன்னாரு?" என்றாள் சைரா.

"வேற ஆளு வருமாம்."

"எப்ப?"

"தெரியாது. வசந்தத்துலயோ என்னமோ."

சைரா எலும்புகளைத் தட்டில் கூட்டிக்கொண்டே யோசித்தாள். "வந்தா வரட்டும். கெரிம்பாய் மாமாவுக்கும் எண்பது தாண்டிடுச்சு."

"எனக்குக் காது நல்லா கேக்குதுடி," என்றார் கெரிம்பாய், கதவருகிலிருந்து. "வசந்தம்னா பரவால்ல. இப்ப வேணாம். மேட்டுல குழி இன்னும் முழங்கால் அளவுகூட எறங்கல."