ரிசார்ட்டுக்காரன் வைத்த சாமிக்கல்

அக்கா! பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "பேரு சொல்றியா நாயே" என்று அடிக்க வருவாய். அதனால் இப்போதும் அக்காதான்.

ஆகுர்டியிலிருந்து இரண்டு மணி நேரம் போனால் அந்த ரிசார்ட். மராட்டிக் கிராமத்தை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம். மாட்டு வண்டி, பாக்ரி ரொட்டி, நீச்சல் குளம். எந்தக் கிராமத்தில் நீச்சல் குளம் இருக்கிறதோ! குளத்தைச் சுற்றி நைலான் உடை கட்டாயம் என்று நாலு போர்டு.

ஆலமரத்தடியில் செந்தூரம் பூசிய கல்லும் ஒரு மணியும் இருந்தன. அப்படி ஒரு கல்லைப் பார்த்துவிட்டு நம் வீட்டில் யார் சும்மா போயிருக்கிறோம்?

"அம்மா பையில சாம்பிராணி போட்டிருக்கும், பாருடா."

"ஊர் சுத்த வந்த எடத்துலயுமாக்கா?"

"பேசாம ஏத்து. பாப்பா இந்த வருசமாவது பாஸாகட்டும்."

ஏற்றினேன். புகை நேராக மேலே போனது. கிளையில் கறுப்பாகத் தொங்கியது மலைத்தேனீக் கூடு என்று அப்போதுதான் தெரிந்தது.

தேனீக்கள் கலைந்து பாய்ந்ததும் நீ உன் பெண் பாப்பாவைக் கீழே தள்ளி அவள் மேல் கவிழ்ந்து படுத்தாய். நான் ஓடிப்போய்க் குளத்தில் குதித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். ஜீன்ஸோடு குதித்ததற்கு வாட்ச்மேன் என்னைப் பார்த்து விசில் அடித்தான். உனக்காக ஒருத்தனும் விசில் அடிக்கவில்லை.

முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரியும் தலைவலித் தைலமும் இருந்தன. டாக்டர் கிடையாது, வண்டி கிடையாது. தங்க வந்த யாரோ ஒருவர் தன் காரில் ஏற்றினார். பாதி வழியில் உன் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் மேனேஜரிடம் போனோம். "அரே பாய், வோ தோ டெகோரேஷன் ஹை" என்றான். அந்தக் கல் வெறும் அலங்காரமாம். அங்கே போய் யார் பூஜை செய்யச் சொன்னது என்று எங்களையே கேட்டான். கூடு இருப்பது தெரியுமா என்றதற்குத் தெரியும் என்றான். கெஸ்ட்டெல்லாம் போட்டோ எடுப்பார்களாம், அதனால் விட்டுவைத்தானாம். செந்தூரம் பூசத் தெரிந்தவனுக்குத் தேனீ இருக்கிறது என்று ஒரு போர்டு எழுதத் தெரியவில்லை. கல்லுக்குப் பொட்டு வைத்துக் கூட்டம் சேர்க்கிற பிழைப்பு!

பாப்பாவுக்கு ரெண்டே கொட்டு, பிழைத்துவிட்டாள். மாமா என்னிடம் பேசுவதில்லை. "சாமிக்குத்தானடா ஏத்துன" என்று அம்மா தேற்றுகிறாள். எந்தச் சாமிக்கு?

அன்றிலிருந்து என்னால் கும்பிட முடியவில்லை. கண்ணை மூடினால் அந்த மேனேஜர் மூஞ்சிதான் வருகிறது. இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும், எந்தச் சாமியானாலும் சரி, என் அக்காவுக்காக ஒரு தரம் வேண்டிக்கொள்ளுங்கள்.