அளவு சரியான பற்றரி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொழும்பு கொள்ளுப்பிட்டியில் கார் நின்றுவிட்டது. பகல் பதினொன்றரை. பின் சீட்டில் நாற்பது சோற்றுப் பார்சல்.

என்னுடையது மின்சாரக் கார். ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்து, பிறகு என்னிடம் வந்தது. மனைவி பிலோ கொட்டாஞ்சேனையில் சமைப்பாள். நான் கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை அலுவலகங்களுக்குக் கொண்டு போய்க் கொடுப்பேன். எங்கள் பிழைப்பு அதுதான்.

முன்பெல்லாம் ஒரு சார்ஜில் மூன்று தடவை போய் வரலாம். பிறகு இரண்டு. பிறகு ஏசியை நிறுத்தினேன். ரேடியோவையும் நிறுத்தினேன் — அதனால் ஒரு பயனும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்துப் பார்சலை அனுப்பினேன். பிந்திவிட்டது. ஒரு அலுவலகத்தில் சொல்லியே விட்டார்கள்: “இன்னொரு நாள் பிந்தினா நாங்க வேற இடம் பாப்போம்.”

காரை ஒரு லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். அங்கே ரவியின் கராஜ்.

“பற்றரி முடிஞ்சுது அண்ணை. புதுசு கட்டாது, பாவிச்சது ஒண்டு எடுங்கோ. கவனமாப் பாத்து எடுங்கோ” என்றார்.

எனக்கா சாமான் வாங்கத் தெரியாது? முப்பது வருஷம் லொறி ஓட்டியவன். லொறியில் ஒன்று உடைந்தால் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவோம். கடைக்காரர் இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். ஓட்டைக்கு ஓட்டை சரியா? சரி. முடிந்தது வியாபாரம்.

ஆனால் இந்தப் பற்றரி காரின் அடியில், கட்டில் மாதிரிப் படுத்துக் கிடக்கிறது. நாலு ஆள் பாரம். கையில் எப்படிக் கொண்டு போவது?

ரவி காரை உயர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் பழைய பேப்பர்களை ஒட்டி, அடியில் பிடித்து, பற்றரியின் உருவத்தை அப்படியே வரைந்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வட்டம். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேலியகொடைக்கு பஸ் ஏறினேன்.

அங்கே பாவித்த பற்றரி விற்கும் நசீர் நானா பேப்பரைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னா இது? சட்ட தைக்கப் போறீங்களா?”

“அளவு நானா.”

அவரும் பழைய ஆள்தான். சிரித்துக்கொண்டே ஒரு பற்றரியின் மேல் பேப்பரை விரித்தார். ஓட்டையெல்லாம் அச்சொட்டாகப் பொருந்தியது. “எடுங்க. இது ஒங்கடத விடப் புது மொடல். கூட தூரம் ஓடும்” என்றார். பழையதை அவரிடம் கொடுத்துவிட வேண்டும் — அது அவருடைய கடை வழக்கம்.

மறுநாள் சின்ன லொறியில் பற்றரி வந்தது. பழையதைக் கழற்றி, புதியதை ஏற்றி, ஆணி முறுக்கியாயிற்று. லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

“நிக்கச் சொல்லுங்கோ அண்ணை. ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம்” என்றார் ரவி.

“அளவு சரி ரவி” என்றேன். பழையதை ஏற்றி அனுப்பிவிட்டேன்.

ஸ்டார்ட் பண்ணினோம். கார் எழும்பவில்லை.

ரவி கம்பியூட்டரைப் பொருத்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “உது வேற வருசத்துப் பற்றரி. காருக்கு அதை ஆரெண்டே தெரியேல்லை. என்னத்தைப் பாத்து எடுத்தனீங்கள்?”

பேப்பரைக் காட்டினேன். அவர் அதைச் சுருட்டி என் கையிலேயே திரும்ப வைத்தார். திட்டியிருக்கலாம்.

பின்னேரம் நானாவுக்கு போன் எடுத்தேன். “பற்றரில ஒரு கொறயும் இல்ல. காரத்தான் பாக்கணும்” என்றார். ரவியிடம் சொன்னேன். “காரிலை ஒரு பிழையும் இல்லை” என்றார். இரண்டும் நல்லது. சேர்த்தால் ஓடாது. யாரைக் கோபிப்பது?

“அப்ப பழசையாவது திருப்பித் தாங்க நானா.”

“அது போயிட்டே! வத்தளையில ஒரு மாஸ்டர் வீட்டு சோலாருக்கு எடுத்துட்டார். ரெண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ் ஓடுமாம். நல்ல பற்றரின்டு செல்றார்.”

எனக்கு முடிந்துபோன பற்றரி வத்தளையில் நல்ல பற்றரி! இது என்ன கணக்கு?

வீட்டில் பிலோ ஒரே கேள்வி கேட்டாள். “நாளைக்கு நாப்பது பார்சல். எதுல கொண்டு போவீங்க?”

முச்சக்கர வண்டியில்தான். மூன்று நாள். பிந்தக் கூடாது என்று அவள் விடியுமுன்னே அடுப்பு மூட்டினாள். அவள் கண்ணைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

நாலாம் நாள் ரவி தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி கொண்டுவந்தார். காருக்கும் பற்றரிக்கும் நடுவில் பூட்டினார். “அரசாங்கக் கந்தோரிலை நாங்கள் தமிழிலை சொல்ல, ஒராள் சிங்களத்திலை எடுத்துச் சொல்லுவாரெல்லே? அதுதான் இது.”

கார் எழும்பியது. ஆனால் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் இடத்தில் எண் இல்லை; மூன்று கோடு மட்டும்.

“எவ்வளவு தூரம் போகும் ரவி?”

“ஓடிப் பாருங்கோ.”

ஓடிப் பார்க்கிறேன். மூன்று வாரமாக. கோடு இன்னும் கோடாகவே இருக்கிறது. தினமும் இரவில் நிறையச் சார்ஜ் போடுகிறேன். தினமும் வெள்ளவத்தை போய்த் திரும்புகிறேன். இன்றைக்கு நிற்குமா, நாளைக்கு நிற்குமா... ஒன்றும் விளங்கவில்லை.

காருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது — சோறு மட்டும் பன்னிரண்டு மணிக்குச் சூடாகப் போய்ச் சேருகிறது.